விரல் நின்ற இடம்

அத்தியாயம் 11

பவுல்பாண்டியன் சொல்ல வேண்டிய பதில் ஒன்று அவருக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. மழைக்காலம் முழுவதும் அந்த வீடு அதைத்தான் தேடியது.

ராயகிரி தங்கசாமியின் மகன் சாம்சுந்தருக்கு, பவுல்பாண்டியனின் மகள் ஜெபிதாவைக் கேட்டு வந்தார்கள். ஜெபிதாவுக்குப் பையனைப் பிடித்திருந்தது. அவள் அம்மா இன்பத்துக்கும் பிடித்திருந்தது. பவுல்பாண்டியன் மட்டும், "ஞாயித்துக்கெழமை சொல்லுதேன்" என்றார். வெள்ளிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு ராயகிரிக்குப் போய் வந்தார். வந்தவர் சாப்பிடவில்லை. சனிக்கிழமை காலை பல் தேய்க்கும்போது வலது பக்கம் இழுத்துக்கொண்டது. அதோடு பேச்சு போனது.

விசைத்தறி உதிரிபாகக் கடையில் அவர் அதிகம் பேசியவர் அல்ல. பேரம் பேச வருகிறவர்களுக்கு இரண்டே வார்த்தைகள்தான் வைத்திருந்தார். ஆமா, வேண்டாம். இப்போது அந்த இரண்டும் இல்லை.

தலையாட்டுவார். சோறு வேணுமா என்றாலும் ஆட்டுவார், வேண்டாமா என்றாலும் ஆட்டுவார். "தலையாட்டுறத நம்பாதீங்க. படத்தத் தொட்டுக் காட்டுனா நம்புங்க" என்று பாளையங்கோட்டை டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்காக மகன் ஜெர்சோன் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து ஒரு செயலி எழுதினான். போன் திரையில் மேலிருந்து கீழாக அட்டைகள். தண்ணீர், சோறு, கால்வலி, ஃபேன். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு படம். தொட்டால் ஜெபிதாவின் குரல் அந்தச் சொல்லைச் சொல்லும். "ஆமா"வுக்கும் "வேண்டாம்" என்பதற்கும் எந்தப் படத்தைப் போடுவது என்று அவன் விழித்தபோது இன்பம்தான் வழி சொன்னாள். ஷட்டர் திறந்த கடை, ஆமா. ஷட்டர் மூடிய கடை, வேண்டாம். அப்பாவுக்கு அது உடனே புரிந்தது. அந்த இரண்டும் கடைசியில் சேர்ந்ததால் பட்டியலின் அடிப்பக்கம் இருந்தன. பழகிய வரிசையை மாற்றக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் அங்கேயே விட்டார்கள்.

மழை ஓய்ந்துவிட்டது. இன்று இன்னொரு சனிக்கிழமை. தங்கசாமியும் அவர் மனைவி எஸ்லினும் பதில் கேட்க வருகிறார்கள்.

காலையில் ஜெபிதா காப்பி கொண்டுவந்தபோது ஜெர்சோன் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தான். அப்பாவின் போன் அதில் செருகப்பட்டிருந்தது.

"அப்பா போன எதுக்குண்ணே எடுத்த?"

"தள்ளும்போது திக்குதுல்லா. சரி பண்ணுதேன்."

"இன்னைக்கா?"

"அவுக முன்னால திக்கிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

"பேச்சே இல்லாத மனுசனப் பாக்க வாராக. போன் திக்குனா அவுகளுக்கு என்ன? நல்லாத்தான் ஓடுது, தொடாத."

"நீ போயி பலகாரத்தப் பாருட்டி."

ஜெர்சோனுக்கு இதுதான் தொழில். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். கடைசி ஒரு மாதம் முழுக்க, யாரோ செருப்பு வாங்கும் பட்டியல் திக்காமல் ஓடுவதற்காக உழைத்தான். மேனேஜர் மீட்டிங்கில் பெயர் சொல்லிப் பாராட்டினார். அப்பாவின் போன் அதே காலத்தில் திக்கிக்கொண்டுதான் இருந்தது.

திரை சும்மா நிற்பதில்லை. நொடிக்கு அறுபது முறை தன்னைத் திரும்ப வரைகிறது. விரல் தள்ளும்போது அடுத்த காட்சியை அது கேட்கும் நேரத்தில் தயாராகக் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் பழையதையே இன்னொரு முறை காட்டும். பார்க்கிற கண்ணுக்கு அது திக்கலாகத் தெரியும்.

அம்மா எடுத்த படங்கள்தான் முதல் பிரச்சினை. ஒவ்வொன்றும் பேனர் அடிக்கிற அளவு. உள்ளங்கை அகல அட்டைக்குள் அதைக் கொண்டுவர, அந்தப் பழைய போன் ஒவ்வொரு முறையும் முழுப் படத்தையும் பிரித்துச் சுருக்கிக்கொண்டிருந்தது. ஜெர்சோன் எல்லாவற்றையும் முன்கூட்டியே சுருக்கி வைத்தான். எல்லா அட்டைகளையும் மொத்தமாகக் கட்டி அடுக்கி வைத்திருந்ததை, கண்ணில் படுகிறவை மட்டும் உருவாகும்படி மாற்றினான். அட்டைகள் மிதந்து வருவது போல ஒரு அனிமேஷன் வேறு. நோயாளிக்கு எதற்கு அதைப் போட்டோம் என்று அவனுக்கே ஞாபகம் இல்லை. அழித்தான்.

பிறகு கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினான். கிரீஸ் வைத்த பேரிங் போலப் பட்டியல் ஓடியது. தானாக வேகம் குறைந்து நின்றது.

"ஏட்டி, இங்கன வா. இதப் பாரு."

ஜெபிதா வந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. அப்பா ஓட்டிப் பாத்தாகளா?"

"தூங்குதாக."

"அப்ப ஓட்டுனது நீ."

அவன் போனிலிருந்து வயரை உருவினான். வெளியே கார் நின்றது.

தங்கசாமி உயரமான, நிதானமான மனிதர். கெட்டவர் என்று சொல்ல எதுவும் இல்லை. இதற்குள் இரண்டு முறை அப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்துபோனவர்.

"கரிவலத்துல ரோட்டத் தோண்டிப் போட்ருக்கான். அதான் சொணங்கிட்டு" என்று சொல்லிக்கொண்டே அப்பாவின் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அண்ணாச்சி, சொகமா இருக்கியளா?"

பவுல்பாண்டியன் தலையாட்டினார்.

"கால்வலி உண்டுமா?"

அதற்கும் ஆட்டினார். எஸ்லின் கணவனின் கையை மெல்லத் தட்டினாள்.

அப்பாவின் மடியில் ஜெபிதாவின் பழைய பரீட்சை அட்டை. அதன்மேல் ரப்பர் பேண்டு போட்டுப் போனைக் கட்டியிருந்தார்கள். வலது கை துண்டுக்கு அடியில் கிடந்தது. இடது கட்டைவிரல் போனின் ஓரத்தில் காத்திருந்தது.

"ஜெபம் பண்ணிட்டுத் தொடங்குவோம்" என்றார் தங்கசாமி. நீளமாக ஜெபித்தார். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். ஜெர்சோன் மட்டும் திறந்திருந்தான். திரை மங்கும்போதெல்லாம் எட்டி ஒரு தட்டுத் தட்டி அதை எழுப்பிக்கொண்டிருந்தான். ஆமென் வரும்வரை இந்த வேலை இருந்தது.

தங்கசாமி தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"தங்கச்சி, நான் ஒளிச்சுப் பேசல. லெந்து நாள், அதான் தவக்காலம், வந்துட்டா சர்ச்சுல கல்யாணம் வைக்க மாட்டாக. அதுக்கு முன்னால மூணு ஞாயிறு ஓலை வாசிக்கணும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடையிருந்தா சொல்லுங்கன்னு சபைக்கு முன்னால கேப்பாக. சபையில கேக்குததுக்கு முன்னால பெத்தவர்ட்ட கேக்கணும்லா. ஞாயித்துக்கெழம சொல்லுதேன்னு சொன்ன மனுசன். வாயால முடியாட்டா கையால சொல்லட்டும்."

"கேளுங்க அண்ணாச்சி" என்றாள் இன்பம்.

ஜெபிதா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். கையில் காலித் தட்டு.

தங்கசாமி முன்னால் குனிந்தார். "அண்ணாச்சி, எம் மவன் சாமுக்கு ஒங்க பிள்ளையத் தருவியளா? சம்மதமா?"

பவுல்பாண்டியன் அவரைப் பார்த்தார். பிறகு மடியைப் பார்த்தார். கட்டைவிரல் திரையைத் தள்ளியது.

பட்டியல் பறந்தது. தண்ணீர், சோறு, கால்வலி எல்லாம் ஒரே வழுக்கலில் மேலே போயின. விரல் தூக்கி நின்றது. மறுபடி தள்ளியது. இந்தமுறை திறந்த ஷட்டர் வந்து, நில்லாமல் நழுவி, மூடிய ஷட்டர் அந்த இடத்துக்கு வந்தது. விரல் இறங்கியது.

"வேண்டாம்" என்றது ஜெபிதாவின் குரல்.

அதை அவள் பதிவு செய்தபோது பின்னால் குக்கர் விசில் அடித்திருந்தது. அதுவும் சேர்ந்து கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

"கை தவறிட்டு" என்றாள் இன்பம் அவசரமாக. "திரும்பக் கேளுங்க, அண்ணாச்சி."

கேட்டார். விரல் தள்ளியது. பட்டியல் அடிவரை ஓடி முட்டித் திரும்பியது. விரல் இறங்கிய இடத்தில், "குளிக்கணும்" என்றது போன். இன்னொரு முறை, "ஃபேன் போடு." பவுல்பாண்டியனின் வாயோரம் எச்சில் வழிந்தது. இன்பம் துண்டால் துடைத்தாள். அவர் இடது கையால் பரீட்சை அட்டையை மடியிலிருந்து தள்ளிவிட்டார். அது தரையில் விழுந்தது.

எஸ்லின்தான் முதலில் எழுந்தாள். "அவரப் போட்டுப் பாடாப் படுத்த வேண்டாம், மதினி."

தங்கசாமியும் எழுந்தார். "மொத தடவையிலயே வேண்டாம்னு சொன்னாகளே" என்றார், யாரையும் குற்றம் சொல்லாத குரலில். அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"இல்ல மாமா. ஆப்புல நான் காலைல ஒரு மாத்தம் பண்ணுனேன். அதான் ஓடிப்போச்சு. அப்பா தப்பில்ல."

தங்கசாமி ஜெர்சோன் பக்கம் திரும்பினார். "என்ன மாத்தம், தம்பி?"

"திக்காம ஓடும்படி..."

சொல்லும்போதே அது எவ்வளவு மோசமாகக் கேட்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது.

"சரி. நாளைய விட்டுட்டு அடுத்த ஞாயிறு ஆராதனை முடிஞ்சு வாரோம். அதுக்கு மேல நாள் கெடையாது" என்றார் தங்கசாமி.

கார் போனதும் இன்பம் வாசலிலிருந்து திரும்பினாள்.

"எதுக்குல அதத் தொட்ட?"

"நல்லா ஓடணும்னுதாம்மா."

"ஒங்கப்பா ஓடவா செய்தாக? நடக்கவே ஆள் பிடிக்கணும்."

ஜெபிதா அடுக்களைக்குப் போனாள். தட்டுகளைக் கழுவினாள். கழுவிய தட்டையே திரும்பவும் கழுவினாள்.

மத்தியானம் அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். ஜெர்சோன் பரீட்சை அட்டையைத் திரும்ப அவர் மடியில் வைத்தான். ஏன் வைத்தோம் என்று தெரியாமலே வைத்தான். அவர் கொஞ்ச நேரம் கழித்து விரலைத் தூக்கினார். தள்ளினார். நின்றார். தள்ளினார். நின்றார்.

ஜெர்சோன் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு விரலைப் பார்த்தான்.

விரல் நின்ற இடத்தில் எதுவும் இல்லை. பட்டியல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் விரல் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நேரம் நின்றது. அந்த நேரம் அவனுக்குத் தெரிந்த நேரம். பழைய செயலி பெரிய படத்தில் முட்டித் திக்கி நிற்கும் நேரம்.

அப்பா படங்களைப் பார்த்துத் தேடவில்லை. திக்கலைப் படிக்கட்டு போலப் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார். இத்தனை நாளும். எங்கே மாட்டும், எத்தனை தள்ளு தள்ளினால் கடை வரும் என்று அவருடைய விரல் படித்து வைத்திருந்தது. அந்தப் படிகளை இவன் காலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இழைத்து எடுத்திருக்கிறான்.

அடுக்களைக்குப் போய் ஜெபிதாவிடம் சொன்னான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவள் ஈரக் கையோடு நின்று கேட்டாள்.

"அப்ப அப்பா ஆமான்னுதான் போனாகளா?"

"ஆமா இருக்க எடத்துலதான் விரல் எறங்கிச்சு. லிஸ்ட்டு நழுவிட்டு."

"பழையத திருப்பிப் போட முடியுமா?"

"போட்ருவேன்."

அவள் முகம் காலையிலிருந்து முதல்முறையாக இளகியது. தன் போனை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். சாம்சுந்தரோடு பேசுவது கேட்டது. "எங்கண்ணன் பண்ணுன கோளாறு... ஆமா, பெரிய இஞ்சினியரு... இல்ல, அப்பா சரின்னுதான் சொல்ல வந்திருக்காக." சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு ஜெர்சோனுக்கு நிம்மதியாக இருந்தது. தப்பு தன்னுடையது. தன்னுடையது என்றால் திருத்தலாம்.

பழைய செயலியைத் திரும்பப் போட்டான். பெரிய படங்கள், மிதந்து வரும் அட்டைகள், எல்லாக் குப்பையும் அப்படியே. வெயில் இறங்கியிருந்தது. இன்பம் பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். பின்வாசலில் ஜெபிதா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு அவள் ஓடி வரக்கூடாது, முதலில் தனியாகச் சோதித்துப் பார்ப்போம் என்று போனின் சத்தத்தை முழுக்கக் குறைத்தான்.

"அப்பா, காப்பி வேணுமா?"

விரல் தள்ளியது. பட்டியல் திக்கி நின்றது. விரலும் நின்றது. இன்னொரு தள்ளு, இன்னொரு திக்கல். திறந்த ஷட்டர் வந்து நின்றது. தொட்டார்.

"மத்தியானம் வச்ச பாவக்கா இருக்கு. சாப்டுதியளா?"

விரல் ஒரு அட்டை கீழே இறங்கியது. மூடிய ஷட்டர். அப்பாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணி, சிரிப்பு போல ஒன்று வந்தது.

ஜெர்சோனும் சிரித்தான். எல்லாம் சரியாக வேலை செய்தது. பட்டியலை மேலே தள்ளி முதலிலிருந்து வைத்தான்.

"அப்பா. நம்ம ஜெபிக்கு அந்த சாம்சுந்தரப் பேசி முடிக்கட்டுமா?"

அப்பாவின் சிரிப்பு நின்றது.

தள்ளு. திக்கல். தள்ளு. திக்கல். திறந்த ஷட்டரில் பட்டியல் நன்றாக மாட்டி நின்றது. நழுவவில்லை. தொட நினைத்தால் தொட்டிருக்கலாம். விரல் அதைத் தாண்டி, ஒரு அட்டை கீழே வந்து, மூடிய ஷட்டரைத் தொட்டது. தொட்டபடி இருந்தது.

"ராயகிரி பையன் வேண்டாமா, அப்பா?"

வேண்டாமா என்று கேட்டதும் தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று பட்டது. பட்டியலை மறுபடி மேலே கொண்டுபோனான். "சாம்சுந்தர நம்ம ஜெபி கெட்டிக்கலாமா?"

விரல் அதே படிகளில் இறங்கி அதே இடத்துக்கு வந்தது. மூடிய ஷட்டர்.

காலையில் நழுவியது பட்டியல்தான். ஆனால் நழுவி நின்றது அவர் போக நினைத்த இடத்தில்தான். இவ்வளவு நேரம் ஜெர்சோன் சுமந்துகொண்டிருந்த தப்பு அவனுடையதே அல்ல. அது அவனுடையதாக இருந்திருக்கக்கூடாதா என்று இருந்தது.

"ஏன்ப்பா? அன்னைக்கு ராயகிரியில என்ன பாத்திய? யாரு என்ன சொன்னா?"

பவுல்பாண்டியன் மகனைப் பார்த்தார். பிறகு பட்டியலின் தலைக்குப் போய், ஒவ்வொரு அட்டையாகக் கீழே வந்தார். தண்ணீர். சோறு. கால்வலி. ஃபேன். குளிக்கணும். கதவைச் சாத்து. ஒவ்வொன்றிலும் நின்றார். அடிவரை வந்தார். அதற்குமேல் அட்டை இல்லை. இன்னும் இருக்கும் என்பது போல அடியில் இரண்டு தடவை தள்ளிப் பார்த்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது எந்தச் சொல்லின் தொடக்கமும் இல்லை.

"விடுங்கப்பா" என்றான் ஜெர்சோன்.

"சரியாயிட்டா?"

வாசலில் ஜெபிதா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்ததால் இப்போதுதான் வந்திருக்க வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் பாக்கணும்" என்றான்.

"பழையதத்தானே போட்ட? அது திக்குனாலும் பரவால்ல. போன்ல சொன்னாரு, அடுத்த ஞாயிறு அவரும் கூட வாராராம். அப்பா கையால சொல்லுதத அவருக்கும் பாக்கணுமாம்." கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் நெற்றியில் கிடந்த முடியை ஒதுக்கினாள். பரீட்சை அட்டையைத் தன் பக்கம் திருப்பி ஒரு படத்தைத் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர். எதுவும் கேட்கவில்லை.

போனின் பக்கவாட்டைத் தடவினாள்.

"சத்தத்த யாருண்ணே கொறச்சு வச்சது?"

ஜெர்சோன் எழுந்தான். "ஏட்டி, அப்பாக்குக் களைப்பா இருக்கும். நாளைக்குப் பாப்போம்."

"ஒரு தடவதான். நான் இன்னும் கேக்கவே இல்லயே" என்றாள். பொத்தானை அழுத்திச் சத்தத்தை முழுக்கக் கூட்டினாள். பரீட்சை அட்டையை அப்பாவின் மடியில் நேராக வைத்து, அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"அப்பா. ஒங்களுக்குச் சம்மதந்தான?"

பவுல்பாண்டியன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கட்டைவிரல் தள்ளியது. நின்றது. தள்ளியது.